மாற்று ஆள் வரும் வரை

மணவாள நகரில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றை ராஜமாணிக்கம் நடத்திவந்தார். அதற்கு முன்பு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனிகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளிகளை அனுப்பிக்கொண்டிருந்தவர். கொரோனாவுக்குப் பிறகு, படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவுக்கு, அம்மாவுக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கவே, இந்தத் தொழிலில் இறங்கினார். ஆள் கிடைப்பது அவருக்குச் சிரமமாக இல்லை. ஆனால் நோயாளிகளைத் தன்னிடம் அனுப்பச் சொல்லி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் கேள்வியாக, "பொறுப்புக்கு நர்ஸ் யாரு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஏஞ்சலின் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பெயர்ப்பலகையில் ராஜமாணிக்கத்தின் பெயருக்குக் கீழே, 'ஏஞ்சலின், பதிவு பெற்ற செவிலியர், பொறுப்பாளர்' என்று எழுதப்பட்டது.

ஏஞ்சலினுடைய அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையொன்றில் வேலை பார்த்தவர். மகள் நர்ஸிங் டிப்ளமோ முடித்துவிட்டு அதே வட்டாரத்தில் வேறொரு தொழிற்சாலையின் முதலுதவி அறைக்கு வேலைக்குப் போனார். விரல் நசுங்கியவர்கள், கையில் சூடுபட்டவர்கள் என்று தினமும் யாராவது வருவார்கள். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் மேலதிகாரிகள் 'கவனக்குறைவு' என்று எழுதச் சொல்வார்கள். கட்டுப் போடும்போது அந்த ஆளோடு பேச்சுக் கொடுத்தால், அவர் முந்தின நாளிலிருந்து வீட்டுக்கே போகவில்லை என்பது தெரியவரும். கணவருக்குத் திருவள்ளூர் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டும் வேலை கிடைத்து, குடும்பம் மணவாள நகருக்குக் குடிவந்த பிறகுதான் அந்த வேலையை விட்டார்.

ஏஜென்சியில் அவருக்குப் பிடித்த வேலை இருந்தது. புது நோயாளி வந்தால் முதலில் அவர்தான் வீட்டுக்குப் போவார். நோயாளிக்கு என்ன வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று பார்த்துச் சொல்வார். வீடுகளுக்குப் போகும் அட்டெண்டர்களுக்கு, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்து, செய்துகாட்டச் சொல்லி, திருப்தி வந்த பிறகுதான் சரி என்பார். ஊசி போடும் வேலையை அட்டெண்டர் தொடக் கூடாது, அதில் கண்டிப்பு. ஆனால் யார் எந்த வீட்டுக்குப் போவது, எப்போது மாறுவது என்பதை மட்டும் ராஜமாணிக்கம் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். "அது ஆள் மேய்க்கிற வேலை சிஸ்டர், உங்களுக்கு இன்னாத்துக்கு அந்தத் தலைவலி?" என்பார். ஏஞ்சலினுக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

திருவள்ளூரில் பெருமாள் கோயிலை ஒட்டிய தெருவில் ராமஸ்வாமியின் வீடு. கோயில் மடப்பள்ளியில் ஆயுள் முழுக்கத் தளிகை செய்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சும் குழறியது. ஆனால் மனசு மட்டும் பழைய வேகத்திலேயே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் திடீரென்று எழுந்து நடக்கப் பார்ப்பார். அதனால் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் வேண்டும் என்று ஏஞ்சலின் முதல் நாளே சொல்லியிருந்தார். பகலுக்குச் சடையப்பன், இரவுக்கு முனுசாமி என்று இரண்டு பேர் ஏற்பாடானார்கள்.

சடையப்பன் திருப்பாச்சூர்க்காரர். கொஞ்சம் நெல் நிலம் உண்டு. அதை மட்டும் நம்பி முடியாததால் இந்த வேலைக்கு வந்தவர். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. ராமஸ்வாமியைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். ராமஸ்வாமியின் மனைவி வைஜயந்திக்கு முதலில் வெளி ஆள் ஒருவர் கூடத்தைத் தாண்டி உள்ளே வருவதில் தயக்கம் இருந்தது. ஒரு வாரத்துக்குள், சடையப்பன் ஊட்டினால்தான் அவர் சாப்பிடுகிறார் என்று அந்த அம்மாளே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு தொழிற்சாலை மேலாளர் ராஜமாணிக்கத்தைப் போனில் கூப்பிட்டார். அவருடைய அப்பாவுக்கு உடனே ஆள் வேண்டும். ராஜமாணிக்கம் முனுசாமியை அங்கே அனுப்பிவிட்டார். இரவு ஆள் வராததால் சடையப்பனே தங்கினார். மறுநாள் காலையில் அவர் போன் செய்தபோது, "அமாவாசைக் கூட்டம், பஸ்ஸுல ஏற முடியல. ஆள் வந்துக்கினே கீறாரு," என்று ராஜமாணிக்கம் சொன்னார்.

யாரும் வரவில்லை. சடையப்பன் ஏஞ்சலினைப் போனில் கூப்பிட்டார்.

"சிஸ்டர், கண்ணு எரியுது. சாமி வேற ராத்திரி முச்சூடும் எழுந்து எழுந்து உக்காந்துக்கினு கீறாரு. யாரையாச்சும் அனுப்பச் சொல்லுங்க."

ஏஞ்சலின் அப்போது பொன்னேரியில் ஒரு புது நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜமாணிக்கத்திடம் பேசினார். சாயந்திரத்துக்குள் அனுப்புவதாக அவர் உறுதி சொன்னார். ஏஞ்சலின் அதை நம்பி, அந்த வார்த்தையையே சடையப்பனுக்குச் சொன்னார். அன்று சாயந்திரமும் ஆள் போகவில்லை. அடுத்த நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, ராமஸ்வாமி கட்டிலிலிருந்து தனியாக எழுந்து இரண்டடி வைத்து விழுந்தார். சடையப்பன் சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஏஞ்சலின் வந்ததும் கைகளை மட்டும் விரித்துக் காட்டினார். ராஜமாணிக்கம் அங்கேயே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். சடையப்பன் மறுபேச்சு பேசாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

புனேயிலிருந்து ராமஸ்வாமியின் மகன் வேதாந்த் வந்து சேர்ந்தான். அப்பாவின் அறுவைச் சிகிச்சை முடிந்ததும் நேராக ஏஜென்சிக்கு வருவதாகச் சொன்னான். அவன் வருவதற்கு முன்பு ராஜமாணிக்கம் ஏஞ்சலினைத் தனியாக அழைத்தார்.

"நீங்க பேசுங்க சிஸ்டர். நர்ஸ் சொன்னா ஒத்துப்பாங்க. டியூட்டி நேரத்துல தூங்கிட்டான், வேலைய விட்டுத் தூக்கிட்டோம்னு சொல்லுங்க. தூங்கினது நெசந்தானே? பொய் சொல்லச் சொல்லலையே நான்."

அது நிஜம்தான். அதனால்தான் ஏஞ்சலினால் அதை மறுக்கவும் முடியவில்லை.

வேதாந்த் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். உட்காரக்கூட இல்லை.

"எங்களுக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். என்ன நடந்தது?"

ராஜமாணிக்கம் ஏஞ்சலினைப் பார்த்தார். ஏஞ்சலின் வேதாந்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"சடையப்பன் தூங்கிட்டாரு. ஆனா அவரு தூங்கிட்டாருன்னு மட்டும் சொன்னா அது முழுசு இல்ல. ராத்திரி ஆளை நாங்க வேற ஊட்டுக்கு அனுப்பிட்டோம். அவருக்கு மாத்தி விட ஆளே அனுப்பல. ஆள் வேணும்னு அவரு எனக்கு போன் பண்ணாரு. வருவாங்கன்னு நான் சொன்னேன். வந்தாங்களான்னு நான் பாக்கல."

ராஜமாணிக்கம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வேதாந்தின் முகம் சிவந்தது.

"அப்படின்னா இது உங்க தப்பு. உங்க ரெண்டு பேரோட தப்பு."

"ஆமா சார்," என்றார் ஏஞ்சலின்.

அதுவரை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வைஜயந்தி மாமி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"வேதா, நான் ஒண்ணு சொல்லணும். உங்கிட்ட நான் சொல்லலை." மூச்சு வாங்கியது. "நான்தான் அவனைப் படுத்துக்கச் சொன்னேன். கண்ணெல்லாம் செவந்து போயிருந்தது, பார்க்கவே பரிதாபமா இருந்தது. நான் பார்த்துக்கறேன், சித்த கண்ணை மூடிக்கோன்னேன். வேண்டாம்மான்னுதான் சொன்னான். நான்தான் கேக்கலை. அப்புறம் சமையக்கட்டை ஒழிச்சுப் போடணும்னு உள்ள போனேன். போன இடத்துல அப்படியே உக்காந்துட்டேன். எனக்கும் தூக்கம் இல்லையே."

வேதாந்த் அம்மாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கீழே செல்போன் கடையில் யாரோ பாட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விழுந்த அன்னிலேர்ந்து நெஞ்சுல வெச்சுண்டு இருந்தேன்," என்றார் மாமி. "இந்தப் பொண்ணு தன் தப்பைச் சொல்லலைன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பிள்ளை மேலேயே பழி போயிருக்கும்."

அவர்கள் போன பிறகு ஏஞ்சலின் பலகையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். ராஜமாணிக்கத்துக்குக் கோபம் அடங்கவில்லை. "எடுத்துடறேன், தாராளமா எடுத்துடறேன்," என்றார். ஆனால் எடுக்கவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏஞ்சலின் மாதா கோயிலிலிருந்து திரும்பியபோது வீட்டு வாசலில் ராஜமாணிக்கம் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். ஏஞ்சலினின் கணவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"பேஜாரா கீது சிஸ்டர்," என்றார் ராஜமாணிக்கம். "நான் இருவது வருசமா ஆள் அனுப்பிக்கினு இருக்கேன். கம்பெனிக்கு ஆள் வரலைன்னா மெஷினு நிக்கும். அவ்ளோதான். இதுல ஆள் வரலைன்னா இன்னா ஆகும்னு நான் யோசிச்சதே இல்ல. அந்த ஐயரு முகம் கண்ணு முன்னாடியே நிக்குது."

"கம்பெனியிலயும் மெஷின் மட்டும் நிக்காது," என்றார் ஏஞ்சலின். "வந்து கட்டுப் போட்டுக்கினு போனவங்கள நான் பாத்திருக்கேன்."

பிறகு அவர் தன் மனதில் இருந்ததைச் சொன்னார். ஒரு வீட்டுக்கு ஆளும், அந்த ஆளுக்கு மாற்று ஆளும் கையில் இல்லாமல் புது நோயாளியை எடுக்கக் கூடாது. யார் எங்கே போவது என்பதை நர்ஸ்தான் முடிவு செய்ய வேண்டும். மாற்று ஆள் வரவில்லை என்றால் ஏஞ்சலினே போய் அந்த இடத்தில் உட்காருவார். அவர் ஊரில் இல்லாவிட்டால் அவருக்குப் பதில் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இது எல்லாவற்றுக்கும் மேல், ராஜமாணிக்கத்தையும் ஏஞ்சலினையும் சேர்த்தே கேள்வி கேட்க வெளியாட்கள் சிலர் வேண்டும்.

கடைசி விஷயத்தில்தான் ராஜமாணிக்கம் முரண்டு பிடித்தார். "என் கம்பெனில என்னைக் கேள்வி கேக்க ஆளா?"

"அன்னிக்கு உங்களைக் கேக்க ஆள் இல்ல. என்னையும் கேக்க ஆள் இல்ல. சடையப்பனைக் கேக்கத்தான் எல்லாரும் இருந்தோம்."

ராஜமாணிக்கம் காபியைக் குடித்து முடித்தார். போகும்போது பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "யாரைப் போடலாம்னு நீங்களே சொல்லுங்க," என்றார்.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வீரராகவன் ஒப்புக்கொண்டார். இன்னொருவராக ஏஞ்சலின் கேட்டது வைஜயந்தி மாமியை. மாமி முதலில் முடியாது என்றுவிட்டார். "எனக்கு என்ன தெரியும்? நானே காரணமா இருந்தவ," என்றார். தெரிந்ததால்தான் கேட்கிறேன் என்று ஏஞ்சலின் சொன்னதற்கு, யோசித்துச் சொல்வதாகக் கூறியவர், ஒரு நிபந்தனை போட்டார். சடையப்பன் திரும்பி வர வேண்டும்.

ராமஸ்வாமிக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தாலும் அதன் பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. புது ஆட்கள் ஊட்டினால் வாயை இறுக்க மூடிக்கொண்டார். ஏஞ்சலின் திருப்பாச்சூருக்குப் போனார். சடையப்பன் வரப்பில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"வேணாம் சிஸ்டர். என் மேல எனக்கே நம்பிக்கை இல்ல. ஊட்டுல படுத்தாக்கூட சாமி விழுந்த சத்தம் கேட்டு எழுந்துக்கிறேன்."

"அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அவங்கதான் உங்களப் படுக்கச் சொன்னாங்கன்னு அன்னிக்கே ஏன் எங்ககிட்ட சொல்லல?"

சடையப்பன் வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தம்மா பாவம் இல்லையா சிஸ்டர்? புருசன் ஆஸ்பத்திரில கெடக்கறாரு. அந்த நேரத்துல போய் அவங்களையா காட்டிக் குடுக்கறது?"

மறுநாள் அவர் வந்தார். மாமியும் கேள்வி கேட்பவர்களில் ஒருவராக இருக்க ஒப்புக்கொண்டார். அவருக்கு இரவு மாற்று ஆளாக முனுசாமியே வந்தார். ஒருவர் வந்து நோயாளியைப் பார்த்து, நிலைமையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றவர் கிளம்ப வேண்டும், அதேபோல் குறித்த நேரத்துக்கு மேல் யாரும் நிற்கவும் கூடாது என்பது புது ஏற்பாடு. ராமஸ்வாமி கார்த்திகை மாதம் வரை இருந்தார். நெஞ்சில் சளி கட்டி, கடைசி நாட்களில் பேச்சு முற்றிலும் நின்றுவிட்டது. உயிர் போனது ஒரு காலை வேளையில். மாமி அவர் தலைமாட்டில் இருந்தார். சடையப்பன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். விழாமல் இருந்திருந்தால் இன்னும் சில காலம் இருந்திருப்பார் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் ஏஞ்சலின் செய்ததெல்லாம் சரி என்று சொல்லிவிடலாம். அப்படி இல்லை.

தை மாதத்தில் வள்ளூரிலிருந்து அஞ்சம்மாள் என்ற பெண் போன் செய்தார். அவருடைய கணவர் வெங்கடேசன், அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர். பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, கழுத்தில் துளையிட்டு மூச்சுக் குழாய் வைத்திருந்தார்கள். அந்த நிலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சளி சேரச் சேர மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அட்டெண்டரை நம்பி விடக்கூடிய வேலை இல்லை. எந்த வீட்டில் ஆள் வராவிட்டாலும் போக வேண்டிய ஏஞ்சலினைத் தவிர, அதைச் செய்யத் தெரிந்த நர்ஸ்கள் ஏஜென்சியில் இரண்டே பேர்; இருவரும் வேறு வீடுகளில் இருந்தார்கள்.

"யாராச்சும் ஒருத்தர அனுப்புங்கம்மா. பகல்ல மட்டுமாவது," என்று அஞ்சம்மாள் கெஞ்சினார். ராஜமாணிக்கம் ஏஞ்சலினைப் பார்த்தார். முன்பென்றால் யாரையாவது அனுப்பியிருப்பார். ஏஞ்சலின் தன்னிடம் ஆள் இல்லை என்று சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் திரும்பச் சேர்க்கச் சொன்னார். தெரிந்த வேறு இரண்டு ஏஜென்சிகளின் எண்களைக் கொடுத்தார். ஏற்பாட்டுப்படி செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

மாதம் முடிவதற்குள் வெங்கடேசன் இறந்துவிட்டார். குழாய் அடைத்துக்கொண்டது. அந்த நேரத்தில் அஞ்சம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

செய்தி கேட்டு ஏஞ்சலின் வள்ளூருக்குப் போனார். மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகள் தெரியும் தெருவில் சின்ன வீடு. சளி உறிஞ்சும் மெஷின் மூலையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. தான் யார் என்று ஏஞ்சலின் சொன்னதும் அஞ்சம்மாள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"ஆள் இல்லன்னீங்க. சரி, இல்லாதத எங்கேந்து குடுப்பீங்க? அதுக்கு நான் கோச்சிக்கல." மெஷினைக் காட்டினார். "இத எப்படிப் புடிக்கணும்னு ஆஸ்பத்திரில ஒரு தபா காட்டினாங்க. அழுதுக்கினே பாத்தேன், ஒண்ணும் மண்டையில ஏறல. நீங்க ஒரு நாள் வந்து எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாமே. அதுக்குக் கூடவா உங்ககிட்ட ஆள் இல்ல?"

ஏஞ்சலின் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

அடுத்த முறை ராஜமாணிக்கம், டாக்டர், மாமி ஆகியோருடன் கூடியபோது அவர் இதை அப்படியே சொன்னார். டாக்டர் வீரராகவன், ஏற்பாட்டை மாற்றக் கூடாது என்றார். வேலை தெரியாத ஆளை அனுப்பியிருந்தால் அந்த ஆள் கையில் சாவு நடந்திருக்கும், சடையப்பனுக்கு நடந்ததுபோல இன்னொருவருக்கு நடந்திருக்கும் என்பது அவர் வாதம்.

வைஜயந்தி மாமி கேட்டார்: "ஆள் இல்லைன்னு சொல்றது சரிதான். ஆனா இல்லைன்னு சொன்னதோட நம்ம வேலை முடிஞ்சுடுமா? அந்தாத்துல பார்த்துக்கறவா ஒருத்தர் இருப்பாளே. என்னை மாதிரி. அவாளுக்கு யார் சொல்லித் தருவா?"

அன்றிலிருந்து, ஆள் கொடுக்க முடியாத வீட்டுக்கும் நர்ஸ் ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்ப்பது, வீட்டில் இருப்பவருக்குக் கைவரும் வரை சொல்லிக்கொடுப்பது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று பழக்குவது என்று முடிவானது. இது அஞ்சம்மாளுக்குப் பிரயோஜனப்படாது. ஏஞ்சலின் மறுபடி வள்ளூருக்குப் போய் அவரிடம் இதைச் சொன்னபோது, அவர் கேட்டுக்கொண்டார். நல்லது என்று மட்டும் சொன்னார்.

ஏஜென்சி முன்பைவிடச் சின்னதாகிவிட்டது. ஆள் கிடைக்காமல் திட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பக்கத்துத் தெருவில், கேட்ட உடனே ஆள் தருவதாக இன்னொரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். ராஜமாணிக்கம் அந்தப் பக்கம் போகும்போது பைக்கை மெதுவாக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

ஏஞ்சலின் இப்போதெல்லாம் வாரத்தில் பாதி நாட்கள் ஆள் கொடுக்க முடியாத வீடுகளில்தான் இருக்கிறார். போன வாரம் மீஞ்சூர் பக்கம் ஒரு வீடு. மாமியாருக்கு மூக்குக் குழாய் போட்டிருந்தார்கள். மருமகளுக்கு அதைத் தொடவே பயம். குழாய் இருக்கும் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் கஞ்சி ஊற்றக் கூடாது, தலையை உயர்த்தி வைத்துத்தான் கொடுக்க வேண்டும், இருமினால் உடனே நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மருமகள் ஒரு தடவை செய்துவிட்டு, "கரெக்டா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"கரெக்ட். இன்னொரு வாட்டி செய்யுங்க," என்று சொல்லிவிட்டு ஏஞ்சலின் கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.